சுத்தாத ஃபேன், சூடாகாத அயர்ன் பாக்ஸ்: கோளாறை வெளியிலிருந்து உள்ளே தேடும் முறை

என் மேசைக்கு வரும் ஃபேன்களில் பலவற்றை ஏற்கெனவே யாரோ திறந்து பார்த்திருப்பார்கள். ஸ்க்ரூ தலை வழுக்கியிருக்கும். உள்ளே ஒயர் இடம் மாறியிருக்கும். கோளாறு என்னவோ அவர்கள் வீட்டுச் சுவரில், ரெகுலேட்டரில்தான் இருந்திருக்கும்.

வேலை பழக வரும் தம்பிகளும் இதையேதான் செய்கிறார்கள். கரண்ட் வந்து சேர்கிறதா என்று பார்க்கும் முன்பே ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிடும். கரண்ட் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் நாமும் போக வேண்டும்: போர்டு, சுவிட்ச், ரெகுலேட்டர், ஒயர், அதற்குப் பிறகுதான் மெஷின். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் பெரும்பாலும் அங்கேயே திரும்பி வர வேண்டியிருக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

டெஸ்டர், மல்டிமீட்டர், கட்டிங் பிளேயர், இரண்டு அளவு ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், ஆடாத ஏணி. மல்டிமீட்டர் வாங்கும்போது கண்டன்சர் (மோட்டார் கிளம்ப உதவும், கரண்டைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா) அளக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபேன் வேலையில் அது இல்லாமல் பாதி ஊகம்தான்.

இதோடு ஒரு சீரீஸ் லேம்ப், அதாவது சந்தேகமான மெஷினை ஒரு பல்பு வழியாகக் கரண்டில் போட்டுப் பார்க்கும் பலகை. கடையில் வாங்க வேண்டாம், ஒரு பலகையில் நாமே செய்துகொள்ளலாம். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயிண்ட். ஃபேஸ் ஒயர் (கரண்ட் வரும் ஒயர்) சுவிட்ச் வழியாக ஹோல்டருக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்து பிளக் பாயிண்ட்டுக்குப் போக வேண்டும். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) நேராகப் போகும். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு. பரிசோதிக்கும் மெஷின் ஷார்ட்டாக (உள்ளே இரண்டு ஒயரும் நேராக ஒட்டிக்கொண்டு) இருந்தால் பல்பு முழுதாக எரியும், அவ்வளவுதான். ஃபியூஸ் போகாது, கையில் எதுவும் வெடிக்காது.

இதில் எல்.இ.டி. பல்பு போடாதீர்கள். மிகச் சிறிய கசிவுக்கும் அது மினுக்கும், உண்மையான ஷார்ட்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாது. குண்டு பல்புதான் வேண்டும்.

டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஒயரில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட கரண்டுக்கும் டெஸ்டர் எரியும். ரப்பர் பாய் மேல் நின்றால் நிஜ ஃபேஸுக்கும் சரியாக எரியாமல் போகலாம்.

2. கரண்டை நிறுத்துவது

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. ஒயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்திருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருக்கும்; ஃபேன் நிற்கும், ஆனால் ஃபேன் வரை ஃபேஸ் வந்து நிற்கும். அதனால் மெயின்.

இரண்டாவது தவறு, மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாவது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை இறக்குவதை அது கரண்ட் போனதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்த நொடியே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் அனுப்பும். ஃபேனும் லைட்டும்தான் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். நானே ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு ஏணியில் ஏறி, ஃபேன் கப்பை (கூரைக் கொக்கியை மூடும் கிண்ணத்தை) இறக்கிக் கனெக்டரில் விரலை வைத்திருக்கிறேன். ஏணியிலிருந்து எப்படிக் கீழே வந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சை மட்டும் அணைத்தாலும் போதாது. அது பேட்டரி வேலையைத்தான் நிறுத்தும், ஈ.பி. கரண்ட் அதன் வழியாக நேராகப் போய்க்கொண்டிருக்கும். மெயினையும் இறக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் லைன் செத்தது.

செத்ததா என்று மூன்று தடவை பாருங்கள். முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரை வைத்து 230 பக்கம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யும் இடத்தில். கடைசியாக, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில். பக்கத்து அறை லைன் வேறாக இருந்தால் அங்கே, எல்லாமே இறங்கியிருந்தால் மெயினுக்கு முன்பக்கம். நடுவில் மீட்டர் பேட்டரி போயிருந்தாலோ புரோப் ஒயர் அறுந்திருந்தாலோ அதுவும் பூஜ்யம்தான் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் பலர் கை வைக்கிறார்கள்.

மீட்டரில் இன்னொன்று. சிவப்பு புரோப் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்டேஜ் பார்க்கப் போனால், இரண்டு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் புரோப் எந்தத் துளையில் இருக்கிறது, குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

3. தொடும் முன் கேள்வி கேளுங்கள்

"ஃபேன் ஓடல அண்ணா" என்று சொன்னால் அது புகார், அதை வைத்து எதுவும் தெரியாது. திடீரென நின்றதா, நாளாவட்டத்தில் வேகம் குறைந்ததா? உறுமல் சத்தம் வருகிறதா, சுத்தமாகச் சத்தமே இல்லையா? கருகிய வாடை வந்ததா? மற்ற அறை ஃபேன் எப்படி ஓடுகிறது?

கடைசிக் கேள்வி முக்கியம். எல்லா ஃபேனும் மெதுவாக ஓடினால் ஃபேனில் கோளாறு இல்லை, வோல்டேஜ் குறைவு. கோடையில் ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு மீட்டரை வைத்துப் பார்த்தால் சில தெருக்களில் 200-க்குக் கீழே காட்டும். அந்த நேரத்தில் கண்டன்சர் மாற்றிப் பயனில்லை.

கரண்ட் போனால் மட்டும் ஃபேன் உறுமுகிறது என்றால், வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக (கரண்ட் அலையைச் சீராக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தருவது) இருக்கும். அது கோளாறு இல்லை, அந்த இன்வெர்ட்டரின் குணம்.

4. போர்டு வரை கரண்ட் வருகிறதா

பிளக்கில் ஓடும் மெஷின் என்றால், வேறொரு பாயிண்ட்டில் செருகிப் பாருங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் ஏராளம்.

பாயிண்ட்டை அளக்கும்போது மூன்று அளவும் எடுங்கள். நேரெதிரே நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலதுபக்கம் ஃபேஸ், இடதுபக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபேஸ்-எர்த் அளவு 60, 110 என்று குழப்பமாக வந்தால் அந்தப் பாயிண்ட்டில் எர்த் ஒயர் இல்லை, அல்லது எங்கேயோ விட்டுப் போயிருக்கிறது.

டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறதே என்று பயந்து சிலர் கேட்பார்கள். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த லைனில் போட்டு வைத்திருக்கும் ஏதோ ஒரு லைட்டோ ஃபேனோ வழியாக ஃபேஸ் நியூட்ரல் பக்கம் வந்து நிற்கிறது. மீட்டரில் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட எதுவும் காட்டாது. மெஷினைத் திறக்க வேண்டாம், போர்டில் நியூட்ரல் இணைப்பைத் தேடுங்கள்.

போர்டைத் திறந்தால் முதலில் மூக்கும் கண்ணும் வேலை செய்யட்டும். ஒயர் முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே லூஸ் கனெக்ஷன் இருந்து சூடாகியிருக்கிறது. ஸ்க்ரூவை முறுக்கினால் மட்டும் சரியாகாது. கருகிய செம்பை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சீவிய முனையைச் செருக வேண்டும். கருகின செம்பு மறுபடி சூடாகும்.

5. சீலிங் ஃபேன்

சாதாரண ஃபேனுக்குள் இரண்டு வைண்டிங் (செம்புக் கம்பிச் சுருள்) இருக்கிறது, ஓடுவதற்கு ஒன்று, ஸ்டார்ட்டுக்கு ஒன்று. ஸ்டார்ட் வைண்டிங்கோடு கண்டன்சர் வரிசையில் சேர்ந்திருக்கும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதையும் எவ்வளவு வலுவோடு என்பதையும் அந்தக் கண்டன்சர்தான் தீர்மானிக்கிறது. இது மனதில் இருந்தால் கீழே உள்ளவை தானாகப் புரியும்.

*சத்தமே இல்லை, சுத்தவும் இல்லை.* ரெகுலேட்டரை 5-ல் வையுங்கள். இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டர்களில் 5 என்பது ஏறக்குறைய நேர் இணைப்பு. மற்ற எண்களில்தான் உள்ளே இருக்கும் சின்னக் கண்டன்சர்கள் குறுக்கே வரும். 5-ல் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். எந்த எண்ணிலும் ஒரே வேகம் என்றாலும் ரெகுலேட்டர்தான். 5-லும் ஓடவில்லை என்றால் லைனை நிறுத்தி, ரெகுலேட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி, பிறகு லைனைப் போட்டுப் பாருங்கள். ஓடினால் வேலை முடிந்தது, ஏணி தேவைப்படவில்லை.

ஓடவில்லை என்றால் லைனை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறிக் கப்பை இறக்குங்கள். கூரையிலிருந்து வரும் ஒயரும் ஃபேன் ஒயரும் சேரும் கனெக்டரைப் பார்க்க வேண்டும். ஃபேனின் அதிர்வு முழுவதும் வந்து விழுவது இந்த இடத்தில்தான், அதனால் ஸ்க்ரூ தளர்வதும் இங்கேதான்.

*உறுமுகிறது, சுத்தவில்லை.* முதலில் சுவிட்சை அணையுங்கள்; நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் வைண்டிங் சூடேறும். அணைத்தபின் ஒட்டடைக் கம்பால் இறக்கையை மெதுவாகத் தள்ளுங்கள். பல சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தள்ளியதும் இறுக்கமாக நின்றுவிட்டால் பேரிங் போச்சு. பேரிங் சரி என்றால் சுவிட்சைப் போட்டு, கீழே நின்றபடியே கம்பால் ஒரு தள்ளு. தள்ளிய பக்கமாக ஓட ஆரம்பித்தால், எதிர்ப்பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடினால், ஸ்டார்ட் பக்கம் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் கண்டன்சர். புதுக் கண்டன்சர் போட்டும் அப்படியே இருந்தால் ஸ்டார்ட் வைண்டிங் அறுந்திருக்கிறது, அல்லது கண்டன்சருக்குப் போகும் ஒயர்.

*மெதுவாக ஓடுகிறது.* எல்லா எண்ணிலும் மெதுவாக என்றால் கண்டன்சர் இளைத்துவிட்டது. சாதாரண 48 அங்குல ஃபேனில் பெரும்பாலும் 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டன்சரின் அளவு), 440 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். மீட்டரில் 2.2-க்குக் கீழே காட்டினால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். போன சித்திரையில் ஒரு அக்கா கொண்டுவந்த ஃபேனில் 1.6 காட்டியது. கண்டன்சரின் உடம்பு ஒருபக்கம் லேசாக உப்பி, அடியில் பிசின் வழிந்து காய்ந்திருந்தது. "ஆறு மாசமா காத்தே வரல தம்பி, மோட்டார் வீக்காயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. இறக்கையின் முன் விளிம்பில் அப்பியிருந்த தூசியையும் துடைத்துக் கொடுத்தேன். அந்தத் தூசியும் காற்றைக் குறைக்கும்.

கண்டன்சரைத் தொடும் முன் அதில் தேங்கிய கரண்டை இறக்க வேண்டும். வைண்டிங் நன்றாக இருந்தால் அதன் வழியாகத் தானே இறங்கிவிடும். வைண்டிங் அறுந்திருந்தால் இறங்காது. அறுந்ததா இல்லையா என்று தெரியாமல்தானே திறக்கிறோம். ஹோல்டரில் போட்ட குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கண்டன்சர் முனைகளில் சில நொடி தொட வையுங்கள்.

பழைய பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை: கண்டன்சரைப் பிளக் பாயிண்ட்டில் செருகி எடுத்து, இரண்டு முனையையும் தட்டி, 'பட்' என்று பொறி வந்தால் நல்லது என்பது. அந்த 1.6 கண்டன்சரும் அழகாகப் பொறி விட்டிருக்கும். ஷார்ட்டான கண்டன்சர் என்றால் கையிலேயே வெடிக்கும். இதைச் செய்யும் தம்பிகளிடமிருந்து கண்டன்சரைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

வேகம் கூடட்டும் என்று 2.5 இருந்த இடத்தில் 3.15, 4 என்று போடுவதும் அதே வகை. முதல் வாரம் காற்று பிரமாதமாக வருவதுபோல் இருக்கும். ஸ்டார்ட் வைண்டிங்கில் தேவைக்கு மேல் கரண்ட் ஓடி, கோடை முடிவதற்குள் வைண்டிங் கருகும்.

*சுத்துகிறது, காற்று இல்லை.* ரீவைண்டிங் (சுருளைப் புதிதாகச் சுற்றுவது) செய்து வந்த ஃபேனில் இது வரும். கீழிருந்து பார்த்தால் நம் ஊர் சீலிங் ஃபேன் பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மாறிச் சுற்றினால் கண்டன்சர் ரன் வைண்டிங்கோடு சேர்ந்திருக்கிறது. ஒயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படியே விட்டால் காற்றும் வராது, மோட்டாரும் கொதிக்கும்.

*கடகட சத்தம்.* பேரிங் பெரும்பாலும் 6202, 6201 என்ற அளவில் இருக்கும். பழையதன் மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது சுத்தியலால் வெளிவளையத்தில் தட்டினால் புதுப் பேரிங்கும் ஒரு மாதத்தில் கத்தும்.

*பி.எல்.டி.சி. ஃபேன்.* ரிமோட்டோடு வரும் புது வகை ஃபேன். மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு, 2.5 கண்டன்சர் கிடையாது. பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்திருந்தால் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். ரிமோட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதற்கு மேல் போர்டு மாற்றுவதுதான், வாரண்டி இருந்தால் கை வைக்காதீர்கள். இதைச் சீரீஸ் லேம்ப்பில் போட்டும் பார்க்க வேண்டாம், போர்டு குழம்பிப்போகும்.

6. வைண்டிங்கை அளப்பது

இதுவரை பார்த்த எல்லாம் சரியாக இருந்தால்தான் இங்கே வர வேண்டும். ஃபேனை இறக்கி, கண்டன்சரைக் கழட்டி, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயரையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரீவைண்டிங் செய்தவர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார்.

இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் ஓமில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 200, 280, 480 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டலாக இருக்க வேண்டும். பெரிய எண் வந்தபோது எந்த ஒயர் கையில் இல்லையோ அதுதான் காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது பெரும்பாலும் ரன், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட். காமன் ஒரு லைனுக்குப் போகும், ரன் இன்னொரு லைனுக்கு. ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே கண்டன்சர்.

ஏதாவது ஒரு ஜோடி மட்டும் எண் காட்டி மற்ற இரண்டும் திறந்திருந்தால் ஒரு வைண்டிங் அறுந்தது. கூட்டல் கணக்கு சரியாக வராவிட்டாலோ, ஒரு பக்கம் ரொம்பக் குறைந்தாலோ உள்ளுக்குள் ஷார்ட். இரண்டுக்கும் ரீவைண்டிங்தான்.

பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் ஃபேன் உடம்புக்கும் நடுவே, மீட்டரின் பெரிய ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் புரோப் படட்டும். பெயிண்ட் மேல் வைத்துவிட்டு 'கசிவு இல்லை' என்று சொன்ன தம்பியை எனக்குத் தெரியும். எந்த எண்ணும் வரக் கூடாது. தொட்டால் ஷாக் அடிக்கும் ஃபேன் மீட்டரில் சுத்தமாகக் காட்டினால் அதை மெக்கர் (கசிவு பார்க்கும் கருவி) வைத்திருக்கும் கடையில் காட்டுங்கள். மீட்டர் சில வோல்ட்டில்தான் பார்க்கிறது, மெக்கர் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்.

7. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர்

சூடாகும் சாமானுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதைச் சாமானின் வாட்டால் வகுத்தால் பிளக்கின் இரண்டு முள்ளில் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 750 வாட் அயர்ன் பாக்ஸுக்கு ஏறக்குறைய 70, 1000 வாட்டுக்கு 53, 1500 வாட் கெட்டிலுக்கு 35.

இவற்றைச் சீரீஸ் லேம்ப்பில் போட்டுப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எரியும்போது 100 வாட் பல்பே 500 ஓமுக்கு மேல். அதற்கு முன்னால் அயர்ன் பாக்ஸின் 53 ஓம் ஒன்றுமே இல்லை. நல்ல அயர்ன் பாக்ஸுக்கும் பல்பு கிட்டத்தட்ட முழுதாக எரியும், ஷார்ட்டானதற்கும் எரியும். ஃபேனுக்கு மங்கலாக எரிவதைப் பார்த்துப் பழகியவர் "ஷார்ட்" என்று சொல்லி நல்ல எலிமெண்ட்டை (சூடாகும் கம்பியை) தூக்கி எறிவார்.

அளக்கும்போது தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) குமிழை அதிகச் சூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அது திறந்து நிற்கும். எண் வரவில்லை என்றால், புரோப் பிளக்கில் இருக்கும்போதே கார்டு பாக்ஸுக்குள் நுழையும் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் கார்டு அங்கேதான் அறுந்திருக்கிறது. தினமும் வளைவது அந்த இரண்டு அங்குலம்தான். அறுந்த இடத்தை வெட்டி மறுபடி மாட்டலாம். டேப் ஒட்டி ஓட்டாதீர்கள். கார்டு சரி என்றால் பின்மூடியைத் திறந்து தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், எலிமெண்ட் என்று ஒவ்வொன்றாக அளங்கள். தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் கம்பி போட்டு இணைக்கவே கூடாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பாக்ஸ் அளவு மீறிச் சூடானதால்தான் அது போயிருக்கும்.

கடைசியாக இரண்டு அளவு. பிளக்கின் பெரிய முள்ளுக்கும் அடித்தட்டுக்கும் ஏறக்குறைய பூஜ்யம். சின்ன முள் இரண்டுக்கும் அடித்தட்டுக்கும் எதுவும் வரக் கூடாது. இந்த இரண்டும் சரியில்லாமல் அயர்ன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

8. மிக்ஸி

அரைத்துக்கொண்டிருக்கும்போது நின்றதா? பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்துங்கள். ஓவர்லோட் ஆனால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். ஜார் இல்லாமல் ஓடினால் மோட்டார் பிழைத்தது.

அடுத்து ஜாரைப் பாருங்கள். பிளேடைக் கரண்டிக் காம்பால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். உப்பும் புளியும் இறங்கி புஷ் (பிளேடின் தண்டு சுற்றும் வளையம்) இறுகிப்போன ஜார்தான் மோட்டாரைத் திணறடிக்கிறது. அந்த ஜாரோடு பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டினால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பகுதி) போகும். மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டு பிளேடு மட்டும் நின்றால் கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல்) தேய்ந்தது, கரண்ட் விஷயமே இல்லை.

பொத்தான் உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் கார்டு, சுவிட்ச், அதன்பின் கார்பன் பிரஷ். பிரஷ் அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு வளையத்தை) சுற்றி நெருப்பு வளையம் போல் பொறி பறந்தால் ஆர்மேச்சர் போயிருக்கிறது. புதுப் பிரஷ் உட்காரும் வரை லேசான பொறி இருக்கும், அது சாதாரணம். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் சுவிட்ச்சை முதலில் சந்தேகியுங்கள்.

9. கிரைண்டர்

ஃபேனைப் போலத்தான். உறுமினால் கண்டன்சர்; ஆனால் முதலில் கல்லை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, பெல்ட் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். கண்டன்சர் அளவு ஃபேனுடையது அல்ல, பழையதன் மேல் எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

10. ட்ரிப் ஆகிறது என்றால்

எது ட்ரிப் ஆனது என்று பாருங்கள். சாமானைப் போட்ட அந்தக் கணமே எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடம் கழித்து விழுந்தால் லோடு அதிகம், அல்லது எம்.சி.பி. முனையிலேயே லூஸாகிச் சூடாகிறது. ஆர்.சி.சி.பி. (கசிவு இருந்தால் விழும் சுவிட்ச்) விழுந்தால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது; வீட்டில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், அந்தச் சின்னக் கசிவுக்கே விழும்.

கண்டுபிடிக்க, எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது வேறு, பிடுங்குவது வேறு. சாமானுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும், ஏனென்றால் ஒழுங்கான ஒயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிப்பதே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நாள் முழுக்கச் சுவரை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி வாருங்கள். கீசர் எலிமெண்ட்டை முதலில் சந்தேகிக்கலாம்.

சீரீஸ் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து எர்த் பார்க்காதீர்கள். ஆர்.சி.சி.பி. அதற்கே விழுந்து, கோளாறு அங்கேதான் என்று உங்களை நம்பவைக்கும்.

ஆர்.சி.சி.பி.யை நேராக இணைத்துவிட்டு "இப்ப விழல" என்று சொல்லிப் போவோர் உண்டு. அப்படி ஒருவர் செய்துவிட்டுப் போன வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்டாலே சுர்ரென்றது.

11. மாட்டும்போது

ஃபேன் என்றால் தொங்கும் ராடின் மேலும் கீழும் உள்ள போல்ட், நட், அதன் குறுக்கே போகும் காட்டர் பின் இரண்டையும் பாருங்கள். பின்னைச் செருகிவிட்டு வாயை விரிக்காமல் விட்டால் அதிர்வில் நழுவும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். ரப்பர் புஷ் பொடிந்திருந்தால் ஏணியில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. இறக்கைகளை வேறு ஃபேனோடு கலக்காதீர்கள், எடை மாறி ஆடும்.

முதலில் சீரீஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள். ஃபேனுக்குப் பல்பு மங்கலாக எரிந்து ஃபேன் மெல்ல நகரப் பார்த்தால் சரி. பிறகு நேர் லைனில் அரை மணி நேரம் ஓட்டி, லைனை நிறுத்திவிட்டுக் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை. ஃபேன் மோட்டார் மணிக்கணக்கில் ஓடி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல.

12. நான் திறக்காதவை

மைக்ரோவேவ் அவன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டன்சரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம். ஃபேன் கண்டன்சரில் பழகிய கை அங்கே போகக் கூடாது. ஃபிரிட்ஜ், ஏ.சி.யில் பிளக், கார்டு, வோல்டேஜ் வரை பார்ப்பேன், கேஸ் பக்கம் போகமாட்டேன். சுவருக்குள் ஒயர் கருகிய வாடை வந்தால் மெயினை இறக்கிவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்வேன். தெருவில் ஈ.பி. கம்பத்திலிருந்து வீட்டு மீட்டர் வரை இருக்கும் எதையும், சீல் உடைந்திருந்தாலும், நாம் தொடுவதில்லை, ஈ.பி. ஆபீசில் சொல்ல வேண்டியதுதான்.